இரண்டாம் எண்ணிக்கை

டிக் என்றது. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் நின்றுவிட்டது. என் விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருக்கிறது, எடுத்தால் ஏதோ தெரிந்துவிடும் என்பதுபோல. திரை கறுப்பு. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. என் மகள் தாரணி ஒரு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்று இருபதும் ஆகலாம், டவுன்ஹால் பக்கத்து நகைப் பட்டறையில் உட்கார வைத்துவிட்டால் லேசில் எழுந்து வர முடியாது. ஆனாலும் ஒன்று என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எண்பது நிமிடம். வாசனை வருகிறதா? பெட்டியின் பக்கவாட்டில் மூக்கை வைத்து இழுக்கிறேன். நாற்பது வருடம் எரிந்த மோட்டார்களை முகர்ந்த மூக்கு இது. வார்னிஷ் கருகினால் ஒரு வாசனை, நூல் கருகினால் ஒரு வாசனை, செம்பின் மேல்பூச்சு கருகினால் தொண்டையில் போய் உட்காரும் ஒரு வாசனை, மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வேன். இதில் ஒன்றுமில்லை. இல்லை, இருக்கிறது. தீக்குச்சியைக் கிழித்து உடனே ஊதி அணைத்தால் வருமே, அந்த அளவுக்கு. பெட்டிக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற புது எஸ்எம்பிஎஸ்ஸின் புது வாசனையாகவும் இருக்கலாம். புதுச் சாமான் எல்லாமே முதலில் கொஞ்சம் நாறும். அப்படியே இருக்கட்டும். அப்படி இல்லை என்று எனக்கு எப்படித் தெரிகிறது? கைக்குத் தெரிகிறது. மின்சாரம் சரியாகப் போனால் கைக்கு ஒன்றும் தெரியாது. தப்பாகப் போனால்தான் உள்ளங்கையில் ஒரு குளிர்ச்சி வரும். காலையில் எல்லாம் சரியாகத்தானே செய்தேன். பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினேன், புதுசு அதைப்போல இரண்டு மடங்கு நீளம், செங்கல் கனம், அதைச் சேதமில்லாமல் பள்ளத்தில் இறக்கி அழுத்தினேன், கொக்கி விழுந்த சத்தம் கேட்டது. பழைய எஸ்எம்பிஎஸ் இந்தக் கார்டுக்குப் பத்தாது என்று தாரணி சொல்லியிருந்தாள். அதையும் கழற்றிப் புதுசை வைத்து நான்கு திருகையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினேன், மோட்டார் மூடியை முடுக்குவதுபோல. போர்டுக்குப் புது ஒயர், கார்டுக்குப் புது ஒயர். டிஸ்க்குக்கு மட்டும்.

டிஸ்க்குக்கு மட்டும் பழைய ஒயர். அதை ஏன் மாற்றவில்லை என்று இப்போது யாராவது கேட்டால் என்ன சொல்வேன். ஒயர் நன்றாக இருந்தது என்று சொல்வேன். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் ஒயர்கள் தனித்தனியாகப் பிடுங்கி மாட்டுகிற மாதிரி, இந்தப் புதுசிலும் அப்படித்தான். பழைய ஒயரின் முனையைப் புதுசின் ஓட்டையில் வைத்துப் பார்த்தேன், அளவெடுத்துச் செய்ததுபோல உள்ளே போய் டக் என்று உட்கார்ந்தது. போய் உட்கார்ந்த பிறகு அது சேராது என்று எவன் நினைப்பான். இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், என்னிடமாவது. அந்த ஒயரை என் மனைவி துளசிமணி கட்டியிருந்தாள். எட்டு வருடத்துக்கு முன் இந்தக் கம்ப்யூட்டரைத் தாரணி செகண்ட் ஹாண்டில் வாங்கி வந்தபோது உள்ளே ஒயர்கள் சீந்துவாரில்லாமல் தொங்கி விசிறியில் உரசிக்கொண்டிருந்தன. துளசிமணி எட்டிப் பார்த்து, "என்னுங்க இது, சடை பின்னாத புள்ளையாட்டம்" என்று சொல்லிவிட்டு, மோட்டாரின் செம்புக் காயில் தலைகளைக் கட்டும் வெள்ளை நூலை எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டாள். மோட்டாருக்குக் காயில் கட்டி முடித்ததும் வெளியே துருத்தும் செம்புக் கம்பிகளை நூலால் இழுத்து வரிசையாக முடிவோமே, அதே முடிச்சு, விரற்கடைக்கு ஒரு முடிச்சு. ஒயரை டிஸ்க் கூட்டோடு சேர்த்து வரிந்திருந்தாள். அதை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் முடியும். நான்கு வருடமாக அவள் இல்லை. மோட்டார் பட்டறையை மூடியாகிவிட்டது. அவள் கையால் கட்டியது என்று இந்த வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரு கூரை விசிறியின் உள்வயிறும் இந்தப் பத்துப் பன்னிரண்டு முடிச்சும்தான். கத்தியை எடுத்தேன், வைத்தேன். நன்றாகக் கட்டிய கட்டை அறுக்கிறவன் காயில் கட்டுகிறவன் இல்லை என்று நானே பட்டறைப் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் விட்டுவிட்டேன். அதனால்தான் டிஸ்க்கையும் கழற்றவில்லை. தாரணி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டே சொன்னாள், "மாட்டுங்கப்பா, நீங்களே மாட்டுங்க. டிஸ்க்க மட்டும் தனியா கழட்டி வெச்சுட்டு, மொதல்ல சும்மா ஓட்டிப் பாருங்க." நான் தலையாட்டினேன். இதைவிட நல்ல யோசனையை நானே யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன். புது வேலைக்கு முதல் கரண்ட் கொடுக்கும்போது பாரத்தைக் கழற்றிவிடு, பம்பைப் பூட்டாமல் மோட்டாரை மட்டும் ஓட்டு. எத்தனை பேருக்குச் சொன்னேன். அவளுக்கும் தலையாட்டிவிட்டு, நூலைப் பார்த்ததும் மறந்துபோனேன். மறக்கவில்லை. மறக்கவில்லை, தள்ளி வைத்தேன்.

அந்த டிஸ்க்கில் தாரணியின் மூன்று மாதம் இருக்கிறது. நகைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்த மூன்று மாதம். ஒரு கல்யாண செட்டு, முப்பத்தியொரு உருப்படி, அட்டிகை, ஒட்டியாணம், வங்கி, ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே கொடி, ஒரே இலை, இலை நரம்பு வரைக்கும் அவளே வரைந்தது. அதைக் கம்ப்யூட்டர் தங்கமாகவும் கல்லாகவும் மினுக்கிக் காட்ட வேண்டும். பழைய கார்டு ஒரு ஜிமிக்கியை மினுக்க அரை நாள் எடுத்தது, நடுவில் நின்றுபோனது. அதற்குத்தான் புதுசு. நாளை மறுநாள் படம் எல்லாம் பட்டறைக்காரர் கையில் இருக்க வேண்டும், அவர் பெண் வீட்டாரிடம் காட்ட வேண்டும், அவர்களுக்குப் பிடித்தால் இவளுக்கு அடுத்தது வரும். முதல் ஆர்டர் தவறினால் அந்தத் தெருவில் இரண்டாவது கிடைக்காது. அவர்களுக்குள் எல்லாம் பேச்சுத்தான், எனக்குத் தெரியும், எங்கள் தொழிலும் அப்படித்தான் இருந்தது. ஒரு மோட்டார் எரிந்தால் கணபதியிலிருந்து காளிபாளையம் வரைக்கும் தெரிந்துவிடும். எந்த மோட்டார் என்று இப்போது நினைக்கக் கூடாது. இப்போது டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். பின்னாலிருக்கும் மெயின் சுவிட்சை அணைத்தாயா? அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கு. பிடுங்கினேன். கத்தியை எடுக்கிறேன். முதல் முடிச்சு. எட்டு வருடத் தூசியில் நூல் சாம்பல் நிறமாகிவிட்டது, அறுத்த இடம் மட்டும் உள்ளே வெள்ளை. இதை ஒரு மணி நேரம் முன்னால் செய்திருந்தால். இரண்டாவது. மூன்றாவது. எண்ணாதே. அறுந்த துண்டுகளைக் கீழே போட மனமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். டிஸ்க் கையில் வந்துவிட்டது. ஒரு பழைய சோப்புப் பெட்டி அளவு, உள்ளங்கையில் சில்லென்று. அந்தத் தீக்குச்சி வாசனை இதில்தான் இருக்கிறது.

டிஸ்க் இல்லாமல் பெட்டிக்கு மறுபடி கரண்ட் கொடுக்கிறேன். விசிறிகள் எல்லாம் ஓடுகின்றன. புதுக் கார்டின் இரண்டு விசிறியும் ஓடி, வேலை இல்லை என்று தெரிந்ததும் தாமாகவே நிற்கின்றன. திரையில் வெளிச்சம் வருகிறது, டிஸ்க் எங்கே என்று கேட்கிறது. ஆக, நான் மாட்டியதில் வேறு எதுவும் தப்பில்லை. கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்க வேண்டும், இல்லை. மீட்டரை எடுக்கிறேன். பழைய ஒயரின் அந்தக் கடைசி முனையில், டிஸ்க்கில் சொருகுகிற பட்டை முனையில், எந்த இடத்தில் எவ்வளவு வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். படித்துத் தெரிந்ததல்ல. எட்டாவதோடு படிப்பு நின்றது, பிறகு எனக்கு எரிந்த மோட்டார்கள்தான் பாடம், பிரித்துப் பிரித்து எத்தனை பள்ளம் எத்தனை சுற்று என்று நோட்டில் எழுதிவைத்துக் கற்றுக்கொண்டது. கம்ப்யூட்டரும் அப்படித்தான், செத்த எஸ்எம்பிஎஸ்களைக் கிலோக் கணக்கில் வாங்கி வந்து பிரித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் பன்னிரண்டு வோல்ட், ஓரிடத்தில் ஐந்து. சிவப்புக் குச்சியைப் பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் வைக்கிறேன். ஒன்றும் வரவில்லை. ஐந்து வர வேண்டிய இடத்தில் வைக்கிறேன். பன்னிரண்டு புள்ளி ஒன்று. குச்சியை எடுத்து, துடைத்து, திரும்ப வைக்கிறேன். பன்னிரண்டு புள்ளி ஒன்று. முனை ஒன்றுபோல இருந்தது, ஓட்டை ஒன்றுபோல இருந்தது, உள்ளே ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒவ்வொரு வரிசையில் கம்பியைக் கோத்திருக்கிறான். பழைய ஒயரில் நிறம் இருந்தாலாவது கண்டுபிடித்திருப்பேன், மஞ்சள், சிவப்பு என்று. எல்லாம் கறுப்பு. எல்லாம் ஒரே கறுப்பு. ஒன்றுபோல இருக்கிற முனைகளை நம்பாதே என்று ஒருத்தி முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆறு முனைக்கும்.

வேண்டாம் என்றாலும் அது வந்துவிடுகிறது. மூன்று பேஸ் மோட்டாருக்கு ஆறு முனை வெளியே வரும். மூன்று தொடக்கம், மூன்று முடிவு, ஆறும் ஒரே கறுப்பு ஸ்லீவுக்குள். துளசிமணி அவற்றில் நூலால் முடிச்சுப் போடுவாள், முதல் முனைக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, அப்படி ஆறு வரைக்கும். வார்னிஷில் முக்கிச் சூட்டில் வைத்தால் முடிச்சுகள் மிளகுபோலக் கெட்டியாகிவிடும், இருட்டிலும் தடவிப் பார்த்துச் சொல்லலாம். "மூணு முடிச்சுப் போட்டுட்டு நீங்க சும்மா உக்காந்துட்டீங்க. நாந்தான் தெனமும் இருவத்தியொரு முடிச்சுப் போட்டுட்டிருக்கறேன்" என்பாள். ஒன்றிலிருந்து ஆறு வரை கூட்டினால் இருபத்தொன்று. சுற்றுகளை எண்ணுவதும் அவள்தான். ஒவ்வொரு காயிலுக்கும் நாற்பத்திரண்டு சுற்று என்றால் நாற்பத்திரண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றுவாள், நடுவில் யார் கூப்பிட்டாலும் பேசமாட்டாள், இடது கை ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டுவாள், பொறு என்று. நான் பார்த்து ஒரு சுற்று அவளுக்குத் தவறியதில்லை. அந்தச் சித்திரையில் காளிபாளையத்துத் தோட்டக்காரர் ஒருவருடைய கிணற்று மோட்டார். வாழை வாடிக்கொண்டிருந்தது, மூன்று நாளாக ஆள் விட்டுக்கொண்டே இருந்தார். அவசரத்தில் முனைக்குக் கொண்டி மாட்டும்போது முடிச்சுகள் இடைஞ்சலாக இருந்தன. அறுத்தேன். எனக்குத் தெரியாத முனையா என்று அறுத்தேன். தோட்டத்தில் இணைக்கும்போது நான்காவது எது ஐந்தாவது எது என்று ஒரு நொடி நின்றது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. வெயில் தலையில் இறங்கியது. இதுதான் என்று நினைத்துப் பூட்டினேன். மீட்டர் சைக்கிள் பையில் இருந்தது, எட்டு அடி தூரம். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஓடவில்லை, உறுமியது. அணைக்கப் போவதற்குள் புகை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம்தான்.

தோட்டக்காரர் வரப்பிலிருந்து இறங்கி வந்து, ஏனுங்க என்னாச்சுங்க என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. மரியாதையாகக் கேட்டார். என் வாய் திறந்தது, நான் யோசிக்கவே இல்லை, சத்தியமாக யோசிக்கவில்லை, யோசித்து வைத்ததுபோல அது வெளியே வந்தது. "எண்ணிக்கை தப்பிப்போச்சாட்டங்க. வூட்டுல சுத்துனது." அவர் சிரித்துவிட்டார். பொம்பளை எண்ணினால் அப்படித்தானுங்க ஆகும், எங்கள் வீட்டிலும் தேங்காய் எண்ணச் சொன்னால் இதே கதைதான் என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவளிடமும் அதையே சொல்லும்படி ஆயிற்று, ஏனென்றால் தோட்டக்காரரின் வண்டிக்காரன் மோட்டாரை இறக்கும்போதே அவளைப் பார்த்து, அக்கா, கணக்கை விட்டுட்டீங்களாமே என்று கேட்டுவிட்டான். துளசிமணி என்னைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். எரிந்த காயிலைப் பிரிக்கும்போது எண்ணிச் சொல்லுங்க, எத்தனை குறைந்தது என்று எனக்குத் தெரியணும் என்றாள். நான் பிரித்தேன். எண்ணினேன். நாற்பத்திரண்டு இருந்தது. ஒவ்வொன்றிலும் நாற்பத்திரண்டு. "ரெண்டு கொறஞ்சிருக்குது" என்றேன். அவள் தலையை அசைத்துக்கொண்டாள். நான்கு நாள் உட்கார்ந்து அதே மோட்டாரைத் திரும்பக் கட்டினாள். சுற்றி முடித்த ஒவ்வொரு காயிலையும் ஊசியால் கம்பி கம்பியாக விலக்கி இரண்டாம் தடவை எண்ணினாள். அன்றைக்குத் தொடங்கியதுதான். அதன் பிறகு அவள் எதையும் ஒரு தடவை எண்ணவில்லை. காயிலை மட்டுமல்ல, அரிசிப் படியை, கொடியில் காயும் துணியை, தாரணியின் பள்ளிக்கூடப் பையிலிருக்கும் நோட்டுகளை, பூட்டிய பூட்டை. ஒரு தடவை செஞ்சது செஞ்சதே இல்ல சாமி, ரெண்டாந்தரம் பாத்தாத்தான் கணக்கு என்று பிள்ளைக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். வேலை இரட்டிப்பாயிற்று. கண் கெட்டது. இருபத்திரண்டு வருடம். அவள் பிசகாகப் பிறந்தவள் என்று அவளே நம்பும்படி நான் விட்டுவிட்டேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் சொல்லிவிடலாம் என்றுதான் கட்டில் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டேன். துளசி, அந்தக் காளிபாளையத்து மோட்டார் என்று ஆரம்பித்தேன். அவள் ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் காத்திருந்தேன். பிறகு நர்ஸ் வந்துவிட்டார்.

மணி பன்னிரண்டு இருபது. பழைய ஒயரைப் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ் கூட வந்த புது ஒயரைப் போட்டுவிட்டேன். மீட்டரில் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு, ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. இரண்டு தடவை பார்த்துவிட்டேன். இனி டிஸ்க்கைச் சொருகிப் பார்த்தால் தெரிந்துவிடும், உயிர் இருக்கிறதா இல்லையா. சொருகு. கை போகவில்லை. பயமா? பயம்தான், ஆனால் டிஸ்க்கைப் பற்றிய பயம் மட்டுமில்லை. உயிர் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். மூடியைப் பூட்டிவிட்டு, கை கழுவிவிட்டு, ரசத்தைச் சூடாக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். மாட்டிட்டேன் அம்மணி, ஜோரா ஓடுது என்பேன். உயிர் இல்லாவிட்டால்? அதற்கும் பதில் வந்துவிட்டது, இவ்வளவு நேரமாக அது என் நாக்கின் அடியில் இருந்திருக்கிறது. நிஜாம் கடைச் சரக்கு சரியில்லை. எஸ்எம்பிஎஸ் குடுத்தவன் பார்த்துக் குடுத்திருக்கணும். எவ்வளவு வாகாக இருக்கிறது பார். நிஜாம் நல்ல பையன், நேற்று அவனே கொண்டுவந்து இறக்கிவிட்டு, கூட வந்த ஒயரையே போடுங்கய்யா என்று ஏதோ சொல்லிக்கொண்டேதான் படியிறங்கினான், நான் காதில் வாங்காமல் ஆகட்டும் ஆகட்டும் என்றேன். அவன்மேல் சொன்னால் தாரணி நம்புவாள். அப்பா தப்பாக மாட்டமாட்டார் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அல்லது பழைய டிஸ்க்குதானே, எட்டு வருடம் ஓடியது, அதன் ஆயுசு அவ்வளவுதான் என்றும் சொல்லலாம், அதில் யார் மேலும் பழி இல்லை. டிஸ்க் மேல் பழி. டிஸ்க் வாய் திறக்காது. துளசிமணியும் திறக்கவில்லை. இப்போது சொருகிப் பார்த்தால் எது நடந்தாலும் நான் பொய்தான் சொல்லப் போகிறேன், ஒன்று பேசாத பொய், இல்லையென்றால் பேசுகிற பொய். பார்க்காமல் இருந்தால் மட்டும்தான் உள்ளதைச் சொல்வேன். டிஸ்க்கை மேஜை மேல் வைக்கிறேன். பக்கத்தில் பழைய ஒயரை வைக்கிறேன். சட்டைப் பையிலிருந்து நூல் துண்டுகளையும் எடுத்து வைக்கிறேன், பிறகு அது இரக்கம் கேட்பதுபோல இருக்கிறது என்று திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறேன். கைகளைத் தொடையின் கீழே வைத்து உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு முறை கை தானாக எழுந்து டிஸ்க் வரைக்கும் போய்விட்டுத் திரும்புகிறது. பன்னிரண்டு நாற்பது. பக்கத்து வீட்டுக் குக்கர் கத்துகிறது, எத்தனை விசில் என்று எண்ணுகிறேன். ஒன்று ஐந்து. ஸ்கூட்டர் சத்தம் சந்து முனையில் திரும்பி, நம் வாசலில் நிற்காமல் போகிறது. ஒன்று பதினைந்து. இப்போது நின்றது நம்முடையதுதான். கேட்டின் கொண்டி. செருப்பு. தோளிலிருந்து பையை இறக்கும் சத்தம், தண்ணீர்ப் பாட்டிலும் வேறென்னவோவும் மோதிக்கொள்கின்றன. என்னப்பா இது, ரசத்துக்குக் கீழே அடுப்பைக்கூடப் பத்த வைக்கல என்று சொல்லிக்கொண்டே வருகிறாள்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன். "அம்மணி, டிஸ்க்கக் கழட்டாமயே கரண்ட் குடுத்துட்டேன். பழைய ஒயரப் புதுசுல மாட்டிட்டேன். அஞ்சுக்குப் பதிலாப் பன்னெண்டு போயிருச்சு. நிஜாம் மேல தப்பில்ல, அவன் சொல்லிட்டுத்தான் போனான். டிஸ்க்கு மேலயும் தப்பில்ல." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். கூந்தலில் இருந்த க்ளிப்பைக் கழற்றி, திரும்பப் போட்டாள். எவ்வளவு நேரம் போச்சு என்று கேட்டாள். ஒண்ணு எண்ணறதுக்குள்ள நின்னுருச்சு என்றேன். திரும்ப மாட்டிப் பார்த்தீங்களா என்றாள். இல்லை என்றேன். "ஏன் பாக்கல?" என்றாள். "நீ வந்தப்புறம் பாக்கலாம்னு." அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, குனிந்து டிஸ்க்கைப் புது ஒயரில் சொருகினாள், பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் ஓடின. நான் டிஸ்க்கின் முதுகில் இரண்டு விரலை வைத்தேன். ஓடுகிற மோட்டாரைத் தொட்டால் உள்ளே ஒரு நடுக்கம் தெரியும், ஆரோக்கியமான நடுக்கம், டிஸ்க்குக்குள்ளும் ஒரு குட்டி மோட்டார்தான். ஒன்றுமில்லை. கல். அவளும் என் விரல்களுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். திரை டிஸ்க் எங்கே என்று கேட்டது. போச்சு என்றேன். போச்சுப்பா என்றாள்.

மூன்று மாதமா, முப்பத்தியொரு உருப்படியா, ஒரு கொடி, ஒரு இலை, என் தலைக்குள் அவை ஒவ்வொன்றாகக் கருகிக்கொண்டிருந்தன. தாரணி போய்த் தன் பையை எடுத்து வந்தாள். தண்ணீர்ப் பாட்டிலை வெளியே வைத்தாள். அதன் அடியிலிருந்து சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தாள், துணியில் சுற்றியது. அதைத் தினமும் பார்த்திருக்கிறேன், போனுக்குச் சார்ஜ் போடுகிற பவர் பேங்க் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேஜையில் செத்த டிஸ்க்குக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். "தெனமும் சாயந்தரம் இதுல இன்னொரு தடவ ஏத்தி வெச்சுருவேன். நேத்து வரைக்கும் இருக்குது. நிஜாம் அண்ணன ஒரு டிஸ்க் கொண்டாறச் சொன்னாப் போதும்." பிறகு ஏன் உன் முகம் வெளுத்தது என்று கேட்டேன். நீங்க உக்காந்திருந்ததப் பாத்துட்டு, உங்களுக்கு ஷாக் அடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன் என்றாள். சிரிக்க முயன்று பாதியில் விட்டாள். சேலை முந்தானை மாதிரி அந்தத் துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள், கம்பெனியில் இருக்கும்போது எல்லோரும் என்னைக் கேலி பண்ணுவார்கள், இவள் ஒரு தடவை சேமித்ததை நம்பமாட்டாள் என்று. அம்மாகிட்ட இருந்து ஒட்டிக்கிட்டது. அரிசியைக் கூட ரெண்டு தடவை அளக்கும், பூட்டை ரெண்டு தடவை இழுக்கும், எனக்குச் சின்ன வயசில் எரிச்சலாக வரும். "இன்னைக்கு அதுதான் காப்பாத்துச்சு பாருங்க." நான் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். நூல் துண்டுகள் விரலில் குத்தின. எட்டு வருடம் ஆகியும் முடிச்சுகள் அவிழவில்லை.

"ஏம்ப்பா, அம்மா மட்டும் ஏன் எதையும் ரெண்டு தடவ எண்ணும்? பொறந்ததுல இருந்தே அப்படித்தானா?" என்று கேட்டாள். போன் அவள் கையில் இருந்தது, நிஜாமின் எண்ணைத் தேடிக்கொண்டேதான் கேட்டாள், பதிலுக்குக் காத்திருக்கிற கேள்வியாகக்கூட அது இல்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். அந்தச் சொல் வந்தது, பல் வரைக்கும் வந்தது. மேஜை மேல் இரண்டு டிஸ்க் இருந்தன, ஒன்று செத்தது, ஒன்று உயிருள்ளது. நான் ஆள்காட்டி விரலைத் தூக்கினேன். அவள் போனைக் காதுக்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"இல்ல சாமி," என்றேன். "ஒரு தடவதான் எண்ணும். தப்பே வராது. காளிபாளையத்து மோட்டார் ஒண்ணு. உக்காரு, சொல்றேன்."